கருமடு நீர்நாய்கள் கட்டிய வேலி

கருமடுவில் நீர்நாய்கள் வாழ்ந்தன. அதற்குக் கீழே இருந்த பேரேரியில் நாரைகளும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் வாழ்ந்தன. இரண்டிலும் ஒரே தண்ணீர்தான். மலையிலிருந்து இறங்கும் ஓடை முதலில் மடுவில் விழும். பிறகு இரண்டு பாறைகளுக்கு நடுவே இருந்த ஓர் இடுக்கு வழியாக ஏரிக்குப் போகும்.

மடு சின்னது, ஆனால் ஆழம். அதன் நடு அடியை எந்த நீர்நாயும் தொட்டதில்லை. ஏரி பெரியது, ஆனால் முழங்கால் ஆழம்தான். கோடை வந்தால் ஏரி வெடித்துக் கிடக்கும். அதற்கு முன்பே மீன்களெல்லாம் இடுக்கு வழியாக ஏறி மடுவுக்கு வந்துவிடும். மீன் வந்தால் பறவைகள் சும்மா இருக்குமா? அவையும் பின்னாலேயே வந்துவிடும். மழை பிடித்ததும் மீன்கள் திரும்ப ஏரிக்கு இறங்கிவிடும். காலங்காலமாக இதுதான் நடைமுறை.

அந்த நடைமுறையில் ஒரு கோணல் இருந்தது. கோடையில் மடுவின் முதல் மீன் நாட்டாமைக்கு. நாட்டாமை, பெருந்தாடை என்ற கூழைக்கடா. முதல் மீன் என்றால் ஒரே ஒரு மீன் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய தாடைப்பை நிறையும்வரை வருவதெல்லாம் முதல் மீன்தான்! அதுவரை நீர்நாய்கள் தங்கள் சொந்த மடுவின் கரையில், காய்ந்த மீசையோடு கைகட்டி நிற்க வேண்டும்.

சுழியாள் என்று ஒரு பெண் நீர்நாய். அந்தக் கோடையின் தொடக்கத்தில் அவள் நான்கு குட்டிகள் போட்டிருந்தாள். நாட்டாமையின் பை நிறையாத ஒரு நீண்ட பகலில், பட்டினியால் அவளுக்குப் பால் வற்றியது. கடைசிக் குட்டி வெறும் மடியைச் சப்பிச் சப்பி அப்படியே அடங்கிவிட்டது. மறக்கக்கூடிய விஷயமா அது? அவள் மறக்கவில்லை.

அவளுடைய அண்ணன் செம்மீசையும் மறக்கவில்லை. பறவைகள் கூடிப் பேசும் கூட்டப் பாறைக்கு அவன் போனான்.

“நாட்டாமை! மடு எங்களோடது. மீனைப் பத்தி இங்க என்ன முடிவு பண்ணினாலும் எங்களையும் ஒரு வார்த்தை கேக்கணும். பாறையில எங்களுக்கும் ஒரு இடம் வேணும்!”

பெருந்தாடை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

“மடுங்கறது ஏரியோட ஒரு மூலை. மூலைக்கு எதுக்குலே இடம்?”

நாரைகள் அலகை அடித்துக்கொண்டு சிரித்தன. செம்மீசை முகத்தில் ஈயாடவில்லை. அவன் திரும்பி வந்தான். வந்ததும் நீர்நாய்கள் எல்லோரையும் கரையில் கூட்டினான்.

“கேட்டியளா? நாம மூலையாம்! இந்தக் கோடையில ஏரியில என்ன இருக்கு?”

“சேறு!”

“மீனெல்லாம் எங்க இருக்கு?”

“நம்ம மடுவுல!”

“அப்ப யாரை நம்பி யாரு பிழைக்கா? மழை வந்ததும் என்ன ஆகுது? நாம கோடை பூரா வச்சுக் காப்பாத்தின மீனு, இடுக்கு வழியா இறங்கி ஏரிக்காரன் வாயில போயி விழுது! இனிமே விழக் கூடாது. இடுக்கை அடைப்போம். கருமடு இனி தனி நாடு! நம்ம தண்ணி, நம்ம மீனு, நம்ம பேச்சு!”

சுழியாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நம்ம பேச்சு! அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் அழுதாள். இல்லாத குட்டி இருந்த இடத்தில் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் யார் இருந்தாலும் அழத்தான் செய்வார்கள்.

ஆனால் ஒரு கேள்வியை அன்று யாருமே கேட்கவில்லை. மழை வந்ததும் அந்த மீன்கள் ஏன் கீழே இறங்குகின்றன? நீர்நாய்களுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் அவை ஏரிப்பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. ஏரிச் சேறு மீசையில் ஒட்டும் என்று அவ்வளவு அருவருப்பு! மழை நாட்களில் ஓடை நண்டைத் தின்றுவிட்டு அவை பாறை மேல் படுத்துக் கிடக்கும்.

வேலை மும்முரமாக நடந்தது. மூங்கில் கழிகளைக் கடித்து இழுத்து வந்தார்கள். இடுக்கில் நெருக்கமாக ஊன்றினார்கள். காட்டுக்கொடியால் இறுக்கிக் கட்டினார்கள். இடைவெளிகளில் முள்ளை அடைத்தார்கள். வேலி எழுந்தது. தண்ணீர் போகும், மீன் போகாது. கடைசிக் கொடியைச் சுழியாள்தான் பல்லால் இழுத்து முடிந்தாள்.

“பறவைக்கு வேலி எதற்கு, பறந்து வந்துவிடாதா?” என்று கேட்பீர்கள். வந்தன. நீர்நாய்கள் கும்பலாக முழுகிப்போய்க் காலைக் கடித்து இழுத்தன. இரண்டே நாளில் பறவைகளின் வரத்து நின்றது. பெருந்தாடையின் வாலிலிருந்து மூன்று இறகுகளைப் பிடுங்கி, செம்மீசை வேலியின் உச்சியில் செருகிவைத்தான்.

பிறகென்ன, கொண்டாட்டம்தான்! யாரும் யாருக்காகவும் காத்து நிற்கவில்லை. பசித்தபோது குதித்தார்கள். வேண்டியதைத் தின்றார்கள். சுழியாளின் மூன்று குட்டிகளும் உருண்டு திரண்டன. தலைகால் புரியாத சந்தோஷம். தனி நாடு என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

மழை வந்தது.

ஓடை பெருகியது. மலையிலிருந்து மூடுபனி இறங்கி மடுவின் மேல் உட்கார்ந்தது. பகல் ஏறியும் அது விலகவில்லை. உச்சிப் பொழுதிலும் சூரியன் ஒரு வெளுத்த வட்டமாகத்தான் தெரிந்தது. கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் ஒரு சத்தம் கேட்டது.

டொக்.

சுழியாள் தலையைத் தூக்கினாள். மறுபடியும் கேட்டது. டொக், டொக். பிறகு அது நிற்கவே இல்லை. மூங்கில் மேல் ஏதோ மோதும் சத்தம். ஒரு மோதல் இல்லை, ஆயிரம் மோதல். மெதுவாக, ஒரே சீராக.

“காத்து அடிக்குது,” என்றான் செம்மீசை.

கரையில் ஒரு புல் கூட அசையவில்லை.

சுழியாள் தண்ணீரில் இறங்கி இடுக்கை நோக்கி நீந்தினாள். வழியில் ஒரு மீனும் எதிர்ப்படவில்லை. மடு காலியாக இருந்தது. வேலியை நெருங்கினாள். மடுவின் மீன்கள் அத்தனையும் அங்கே நின்றன. கெண்டை, சேல், கெளுத்தி, எல்லாம் வரிசை வரிசையாக, மேலிருந்து அடிவரை. எல்லாவற்றின் முகமும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. எல்லாம் மூக்கால் வேலியை முட்டிக்கொண்டிருந்தன.

அவள் அருகே போனாள். ஒன்று கூட விலகவில்லை. நீர்நாயைப் பார்த்து மீன் ஓடவில்லை என்றால் எப்படி இருக்கும்! அவள் ஒரு கொழுத்த கெண்டையை வாயில் கவ்வினாள். அது துடிக்கவில்லை.

“தின்னு,” என்றது கெண்டை.

 கருமடுவில் மீன் பேசி யாரும் கேட்டதில்லை. அவள் வாயைத் திறந்து அதை விட்டுவிட்டாள். அது திரும்பவும் வேலிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“நான் ஓட மாட்டேன். ஓடவும் தெம்பு இல்ல. என் வயித்துக்குள்ள ஆயிரம் பேரு இருக்காவ. ஏரிப் புல்லுத் தண்ணியில, வெயில் படுற சேத்துல இறக்கி வச்சாத்தான் அவுகளுக்குக் கண்ணு தொறக்கும். இந்த ஆழத்துல தொறக்காது. கண்ணு தொறந்தவுகதான் அடுத்த கோடையில உன் மடுவுக்கு வருவாவ. வழி விடுதியா?”

அவளைச் சுற்றி நின்ற எல்லா மீன்களின் வாய்களும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடின.

“வழி விடுதியா?”

அவள் திரும்பிப் பார்க்காமல் நீந்திக் கரையேறினாள். கரையில் அவளுடைய குட்டிகள் விளையாடவில்லை. மூன்றும் ஒரு பாறைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து, மூக்கால் பாறையை முட்டிக்கொண்டிருந்தன. டொக், டொக், டொக்.

“நிறுத்துங்க!” என்று கத்தினாள். அவை அவளை யாரோ மாதிரி பார்த்தன. மூக்கு நுனியில் ரத்தம் கசிந்திருந்தது. அவள் மூன்றையும் அள்ளி அணைத்துக்கொண்டு, நேராக அண்ணனிடம் ஓடினாள்.

“அண்ணே, வேலியைத் திறக்கணும்.”

“என்னட்டி சொல்லுத?”

“மீனு இங்க பொறக்கல அண்ணே. கீழ ஏரியில பொறக்குது. கோடைக்கு மட்டும் நம்மகிட்ட வருது. நாம அதுகளை வச்சுக் காப்பாத்தல, அடுத்த கோடைச் சோத்தைப் பூட்டி வச்சிருக்கோம்!”

“யாரு சொன்னா?”

“ஒரு கெண்டை சொல்லிச்சு.”

வேறு நாளாக இருந்தால் செம்மீசை விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அன்று சிரிக்கவில்லை. மூடுபனிக்குள் இருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

“உனக்கும் கேக்குதுல்ல?” என்றாள் அவள்.

“கேக்குது,” என்றான் அவன் தாழ்ந்த குரலில். “காதுல இல்ல, அடிவயித்துல கேக்குது. ஆனா திறக்க முடியாதுட்டி. திறந்தா பெருந்தாடை என்ன சொல்லுவான்? ‘மூலைக்காரன் மூலைக்கே வந்திட்டான்’னு சிரிப்பான். நம்ம ஆளுக மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? உன் பிள்ளை செத்தது அவனாலதான். மறந்திட்டியா?”

“மறப்பேனா? செத்தது என் பிள்ளை! ஆனா இருக்கிறது மூணு அண்ணே. நான் அந்த மூணுக்காகக் கேக்குதேன்!”

 செம்மீசை முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேலிக்கு இரண்டு காவலர்களைப் போட்டான். கெட்டவன் இல்லை அவன். கொடுத்த வாக்கை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாதவன், அவ்வளவுதான்.

ஏழு நாள் அந்தச் சத்தம் கேட்டது. எட்டாம் நாள் உச்சிப் பொழுதில் அது நின்றது.

சத்தத்தை விட அந்த நிசப்தம்தான் பயங்கரமாக இருந்தது. மடுவில் தவளை கத்தவில்லை. ஓடை ஓடியது, ஆனால் ஓடும் ஓசை மூடுபனியில் அமுங்கிப் போயிருந்தது. நீர்நாய்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. காவலர்கள் இருவரும் தாங்களாகவே வேலியை விட்டு விலகி வந்து, கூட்டத்தோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

சுழியாள் மட்டும் இறங்கினாள்.

மீன்கள் அங்கேயேதான் நின்றன. முட்டவில்லை. வெறுமே நின்றன. கண்கள் வெள்ளை பூத்திருந்தன. அவள் வேலியின் காலடிக்கு முழுகினாள். அங்கே அழுகிய இலைகள் மேல் மாவு கொட்டினாற்போல் ஏதோ கிடந்தது. கையால் தொட்டாள். முட்டைகள். தாங்க முடியாமல் அங்கேயே இறக்கிவிட்ட முட்டைகள். அத்தனையும் வெளுத்துச் செத்திருந்தன. அவள் கை பட்டதும் அவை மேலே கிளம்பி, அவள் மீசையிலும் இமையிலும் ஒட்டிக்கொண்டன.

அவள் தண்ணீருக்கு மேலே வந்து, மூங்கில் இடைவெளியில் முகத்தை வைத்து அந்தப் பக்கம் பார்த்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக மழைக்கால ஏரியைப் பார்த்தாள்.

அங்கே மூடுபனி இல்லை. இளம்புல் முழங்கால் தண்ணீரில் நின்று தளதளத்தது. வெயில் சேறுவரை இறங்கியிருந்தது. எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் ஒரு நாரை இல்லை, ஒரு கொக்கு இல்லை. யாருக்கோ இலை போட்டுவிட்டு வீடே காலியாகிப்போன மாதிரி இருந்தது. தூரத்தில் கூட்டப் பாறையின் மேல் ஒரே ஒரு உருவம் மட்டும் தெரிந்தது.

“நாட்டாமை!”

உருவம் அசைந்தது. பெருந்தாடை தண்ணீரில் மெதுவாக நடந்து வந்தார். தாடைப்பை வெறும் தோலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“யாரு, சுழியாளா? ஒரு குரலு கேட்டு எத்தனை நாளாச்சு.”

“மத்தவுக எங்க?”

“வேற ஏரி தேடிப் போயிட்டாவ. எனக்கு அம்புட்டு தூரம் பறக்க முடியல.”

“மேல வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டு வந்தவனை மூலைன்னு சொல்லி விரட்டினவன் நான். எந்த மொகத்தை வச்சுக்கிட்டு வந்து கேப்பேன்?”

சுழியாள் அவரை வெறித்துப் பார்த்தாள். கோபம் தீரவில்லை. இந்தப் பைதானே அன்று நிறையாமல் கிடந்தது! ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு இனி மூன்று வயிறுகளை நிரப்ப முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

“வேலியைப் பிரிக்கப் போறேன். ஆனா பழைய மாதிரி இருக்காது. முதல் மீனுங்கிற பேச்சே கிடையாது. பாறையில எங்களுக்கு இடம் வேணும்.”

“எடுத்துக்கோ தாயி.”

“இதைக் கோடையிலேயே சொல்லியிருந்தா இந்த வேலியே வந்திருக்காது!”

“சொல்லலையே,” என்றார் பெருந்தாடை. 

அவள் அன்று தான் முடிச்சுப் போட்ட கொடியைத் தானே கடித்தாள். அந்தப் பக்கமிருந்து பெருந்தாடை அலகால் மூங்கிலை அசைத்தார். சத்தம் கேட்டுச் செம்மீசையும் மற்றவர்களும் பாய்ந்து வந்தார்கள்.

“ஏட்டி! என்ன காரியம் பண்ணுத?”

சுழியாள் திரும்பினாள்.  அவள் மீசையில், இமையில், நெற்றியில் வெளுத்த முட்டைகள் ஒட்டியிருந்தன. செம்மீசை அவற்றைப் பார்த்தான். ஒன்றை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அதற்குள் ஒன்றுமே இல்லை. அவன் தண்ணீரில் இறங்கி, தங்கைக்குப் பக்கத்தில் நின்று, அடுத்த கொடியைக் கடிக்கத் தொடங்கினான்.

வேலி விழுந்தது. தண்ணீர் பாய்ந்தது. முன்வரிசையில் நின்ற சில நூறு மீன்கள் அந்த வேகத்தில் ஏரிக்குள் போய் விழுந்தன. புல்லுக்குள் நுழைந்து மறைந்தன.

மற்றவை போகவில்லை. “போங்க! வழி திறந்திருக்கு!” என்று நீர்நாய்கள் கத்தினார்கள். பின்னாலிருந்து தள்ளினார்கள். அந்த மீன்கள் நகரவில்லை. வேலி இல்லாத இடத்தில், எதுவுமே இல்லாத தண்ணீரில், மறுபடியும் மெல்ல மூக்கால் முட்டத் தொடங்கின. இந்த முறை சத்தமே வரவில்லை. அவை ஒவ்வொன்றாகச் செத்து அடிக்கு இறங்கும்வரை முட்டிக்கொண்டே இருந்தன.

அடுத்த கோடையில் ஏரி வற்றியது. இடுக்கு வழியாக மீன்கள் ஏறி வந்தன. கரையில் நின்றவர்கள் இடுக்கையே பார்த்தார்கள். இடுக்கே அடைபடும்படி ஏறி வந்த கூட்டம் எங்கே? அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. அரைப்பொழுதில் வரத்து ஓய்ந்துவிட்டது. போன பறவைகளில் பாதிதான் திரும்பியிருந்தன. 

சொன்ன சொல் தவறாமல் பெருந்தாடை பாறையில் ஒதுங்கி இடம் விட்டார். செம்மீசை ஏறி நின்றான். எத்தனை ஆசைப்பட்ட இடம்! அங்கிருந்து அவன் பேசிய முதல் பேச்சு, இந்தக் கோடையில் யார் யார் பட்டினி கிடப்பது என்பதைப் பற்றித்தான்.

“வேலி கட்டுனது நாங்க. முதல் பட்டினி எங்களோடது,” என்றான். 

“கட்ட வச்சது நான்,” என்றார் பெருந்தாடை. “எனக்குக் கடைசி மீனு போதும்.”

சண்டை இல்லை, சிரிப்பு இல்லை. நீர்நாயும் நாரையும் கொக்கும் கரையில் ஒரே வரிசையாக நின்றார்கள். சுழியாள் தன் மூன்று குட்டிகளோடு அந்த வரிசையில் நின்றாள். தன் பங்கை மூன்றாகப் பிய்த்துக் கொடுத்துவிட்டுத் தான் தண்ணீரைக் குடித்தாள். அந்தக் கோடை நீளமான கோடை. அது முடிந்தபோது அவளிடம் இரண்டு குட்டிகள் இருந்தன.

தனித்து வாழ நினைப்பது குற்றமில்லை, ஆனால் தன் செல்வம் எங்கே பிறந்து எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் அந்த வழியை அடைப்பவர், எதிரியின் வயிற்றை மட்டுமல்ல, தம் பிள்ளைகளின் வயிற்றையும் சேர்த்தே காயப்போடுகிறார்.